குழாய் நம் செம்பனைக் காட்டில், கிணறு ஏன் தென்சீனக் கடலில்?

சிகாமட் ஆசிரியர் எழுதியது:

எங்கள் ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்குள் போய் வந்தவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். வரிசையாக நிற்கும் மரங்களுக்கு நடுவே திடீரென்று ஒரு நீண்ட புல்தரை குறுக்கிடும். அதில் மரமும் இராது, கொட்டகையும் இராது. மஞ்சள் கம்பங்களும், இங்கே தோண்டக்கூடாது என்று எச்சரிக்கும் பலகையும்தான் நிற்கும். அடியில் எரிவாயுக் குழாய் ஓடுகிறது. திரெங்கானுவின் கெர்த்தேயிலிருந்து வரும் அந்தக் குழாய், சிகாமட் வட்டாரத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை தெற்கே சிங்கப்பூரை நோக்கியும் மற்றொன்று வடமேற்கே கிள்ளான் பக்கமும் செல்கிறது.

மாலை வகுப்பில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "இவ்வளவு தூரத்திலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருவதற்குப் பதிலாக இங்கேயே தோண்டினால் என்ன, சார்?" என்று கேட்டாள். என்னிடம் முழுமையான விடை இல்லை. ஒட்டுக்கடையில் பேச்சை எடுத்தபோது, தோட்டத்தில் நெடுங்காலம் கிராணியாக இருந்த பெரியவர் ஒருவர், மீனும் பாசியும் செத்து மக்கித்தான் எண்ணெய் ஆகிறது, ஆகவே கடல் இருக்கும் இடத்தில்தான் எண்ணெய் இருக்கும், மலாக்கா நீரிணையில் ஒழுங்காகத் தோண்டினால் அங்கும் கிடைக்கும் என்று அடித்துச் சொன்னார். இத்துறையில் பணியாற்றியவர்கள் சற்று விரிவாக விளக்கினால் மாணவர்களுக்கு உதவியாக இருக்கும்.

பாறைவாசி எழுதியது:

ஆசிரியர் ஐயா, பெரியவர் சொன்னது உலகின் பல எண்ணெய் வயல்களுக்குப் பொருந்தும். மத்திய கிழக்கில் பெரும்பாலும் கடல்வாழ் நுண்ணுயிர்களே மூலம். ஆனால் நம் மலேசியத் தீபகற்பத்தின் கிழக்கே கிடைக்கும் எண்ணெய்க்கு அது பொருந்தாது. அந்த எண்ணெய் கடலுக்கு அடியில் கிடைக்கிறதே ஒழிய, கடலில் பிறந்ததன்று. அதன் பெரும்பகுதி நன்னீர் ஏரிகளிலும் ஆற்று முகத்துவாரச் சதுப்புகளிலும் பிறந்தது. கடல்நீர் அங்கே பின்னால் வந்து சேர்ந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மாணவர்கள் கடலையும் எண்ணெயையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். பல பாடநூல் படங்களும் அப்படித்தான் முடிச்சுப் போடுகின்றன.

நிலவியலாளர்கள் மலாய்ப் படுகை என்று அழைக்கும் பகுதி, திரெங்கானுக் கரைக்கு அப்பால் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அங்கே கடலின் ஆழம் பெரும்பாலும் 70 மீட்டர் அளவுதான். ஆனால் அந்தக் கடலடித் தரைக்குக் கீழே, படுகையின் நடுப்பகுதியில், படிவுப் பாறைகள் 12 கிலோமீட்டருக்கும் மேல் அடுக்கடுக்காகக் குவிந்திருக்கின்றன. ஆப்பத்தைப் போல நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணெயைத் தீர்மானிப்பது அந்த 12 கிலோமீட்டர்தான். மேலே நிற்கும் 70 மீட்டர் நீர் தோண்டுபவருக்குச் செலவு வைக்கிறது, அவ்வளவே.

சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் பூமியின் மேல் ஓடு இழுபட்டு மெலிந்து, நீண்ட பிளவுப் பள்ளங்கள் உண்டாயின. பள்ளங்களில் நீர் தேங்கி ஆழமான ஏரிகள் ஆயின. ஏரிகளில் பாசி செழித்து, மடிந்து, காற்றுப் படாத அடிச்சேற்றில் புதைந்தது. அந்தச் சேறு இறுகி உண்டான களிப்பாறைதான் தாய்ப்பாறை, அதாவது எண்ணெயைப் பிறப்பிக்கும் பாறை. பின்னர் பிளவு ஓய்ந்து, மெலிந்த ஓடு குளிரக் குளிர நிலம் தொடர்ந்து அமிழ்ந்தது. மயோசீன் காலத்தில், அதாவது சுமார் 2.3 கோடி முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்டின, கரையோரக் காடுகள் புதைந்து நிலக்கரி அடுக்குகள் ஆயின, இடையிடையே ஆழமற்ற கடல் உள்ளே வந்து பின்வாங்கியது. இந்த அடுக்குகளுக்கு எஸ்ஸோ நிறுவனத்தார் மேலிருந்து கீழாக ஏ முதல் எம் வரை ஆங்கில எழுத்துகளைச் சூட்டினார்கள். இன்றும் அந்தப் பெயர்களே வழங்குகின்றன. கே, எல், எம் தொகுதிகளில் ஏரிக் களிப்பாறை மிகுதி. டாப்பிஸ் வயலின் புகழ்பெற்ற எண்ணெய் ஜே தொகுதி மணற்பாறையில் தேங்கியிருக்கிறது.

தாய்ப்பாறை இருந்தால் மட்டும் போதாது, அது சூடேற வேண்டும். ஏறத்தாழ 100 பாகை செல்சியசுக்கு அருகே சில இலட்சம் முதல் சில கோடி ஆண்டுகள் வரை வெந்தால்தான் அந்தக் கரிமப் பொருள் எண்ணெயாக மாறும். மேலும் சூடேறினால் வாயுவாகிவிடும். மலாய்ப் படுகையில் ஓடு மெலிந்திருப்பதால் பூமியின் வெப்பம் விரைவாக மேலேறுகிறது. கீழே செல்லச் செல்லக் கிலோமீட்டருக்குச் சராசரியாக 45 பாகைக்கு மேல் கூடுகிறது. உலகின் சராசரி 25 முதல் 30 பாகைதான். எனவே வேறு இடங்களில் 4 கிலோமீட்டர் ஆழத்தில் நடப்பது இங்கே 2 கிலோமீட்டரிலேயே நடந்துவிடுகிறது.

பிறந்த எண்ணெய் மணற்பாறையின் நுண்துளைகள் வழியே மேலேறும். வழியில் ஏதாவது தடுத்து நிறுத்தாவிட்டால் கடலடியில் கசிந்து வீணாகிவிடும். மயோசீனின் நடுப்பகுதியில் இழுவை மாறி நெருக்கம் உண்டானபோது, பழைய பிளவுகளின் மேலிருந்த அடுக்குகள் வளைந்து கவிழ்த்த ஓடம்போல் மேல்மடிப்புகள் ஆயின. எண்ணெய் அவற்றின் உச்சியில், களிப்பாறை மூடியின் கீழ், சிக்கிக்கொண்டது.

ஏரியில் பிறந்தது என்பதற்குச் சான்று கேட்பவர்களுக்கு ஒன்று. டாப்பிஸ் கச்சா எண்ணெயில் கந்தகம் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. கடல்நீரில் சல்பேட்டு மிகுதி. அதை நுண்ணுயிர்கள் சிதைத்து உண்டாக்கும் கந்தகம், இரும்புச் சத்துக் குறைந்த கடற்சேற்றில், எண்ணெயாக மாறவிருக்கும் பொருளோடு சேர்ந்துவிடும். நன்னீரில் சல்பேட்டு மிகவும் குறைவு, ஆகவே எண்ணெயும் தூய்மையாக வருகிறது. டாப்பிஸ் எண்ணெய்க்குச் சந்தையில் நல்ல விலை கிடைத்ததற்குக் காரணத்தைத் தேடினால் அந்தப் பழைய ஏரிகளில் போய் நிற்கும்.

இனி மாணவியின் கேள்வி. மேற்குக் கரை மாநிலங்களின் முதுகெலும்பாக நிற்பது கருங்கல். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன் உருகிய குழம்பாக மேலேறிச் சுற்றியிருந்த பழைய படிவுகளையும் சுட்டு இறுக்கிவிட்டது. அதனால் வெள்ளீயம் கிடைத்தது. எண்ணெய்க்கு வழி அடைபட்டது. சிகாமட் வட்டாரத்தில் கருங்கல்லோடு பழைய எரிமலைப் பாறையும் உண்டு. மரத்துக்குக் கீழே சில மீட்டர் செம்மண், அதற்குக் கீழே இந்த வகைப் பாறை என்றால், அங்கே தோண்டி எதைத் தேடுவது?

பத்து ஆராங் பேரன் எழுதியது:

பாறைவாசி ஐயாவின் விளக்கம் அருமை. ஆனால் தீபகற்பத்தின் தரையில் ஒன்றுமே இல்லை என்று முடித்துவிட வேண்டாம். எங்கள் தாத்தா வேலை செய்த பத்து ஆராங், சிலாங்கூரில், முழுக்க நிலக்கரி ஊர். 1915 முதல் 1960 வரை அங்கே சுரங்கம் நடந்தது. இரயிலும் மின் நிலையமும் ஈயவயல் இயந்திரங்களும் அந்தக் கரியில்தான் ஓடின. 1937 மார்ச்சில் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் ஆங்கிலேய அரசையே ஆட்டிவிட்டது; அதைப் பற்றித் தனி இழை தொடங்கலாம். நான் கேட்க வந்தது வேறு. அங்கே நிலக்கரியோடு சேர்ந்து பழுப்பு நிறக் களிப்பாறையும் கிடைக்கும். அடுக்கடுக்காகப் பிரியும், நெருப்பில் இட்டால் மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கும். அது எண்ணெய் இல்லையா?

பாறைவாசி எழுதியது:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். பத்து ஆராங், குளுவாங்–நியோர் போன்ற சில சிறு படுகைகள் தீபகற்பத்தின் தரையில் உண்டு. பத்து ஆராங்கில் நீங்கள் பார்த்தது எண்ணெய்க் களிப்பாறை. மலாய்ப் படுகையின் ஏரிக் களிப்பாறைக்கு அது நெருங்கிய உறவு. அதேபோன்ற ஏரியில், அதேபோன்ற பாசியிலிருந்து உண்டானது. வேறுபாடு ஒன்றுதான்: அது ஆழப் புதையவில்லை. சில நூறு மீட்டரிலேயே நின்றுவிட்டதால் வேகாமல் பச்சையாகவே இருக்கிறது. நீங்கள் நெருப்பில் இட்டபோது, பூமி செய்யாமல் விட்ட வேலையை நீங்கள் செய்து முடித்தீர்கள். நாற்றம் அதனால் வந்தது. மாணவர்களை அழைத்துச் சென்று காட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் தீபகற்பத்தில் இல்லை என்பது என் கருத்து.

கிராணி வீட்டு மருமகன் எழுதியது:

ஒட்டுக்கடையில் பேசிய பெரியவர் என் மாமனார்தான். இந்த இழையை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஏரி விவகாரத்தை ஒப்புக்கொள்கிறார். மலாக்கா நீரிணையை விடுவதாக இல்லை. எதிர்க்கரையில் சுமத்திராவில் இவ்வளவு எண்ணெய் எடுக்கிறார்களே, நீர் ஒன்று, கரை மட்டும் இரண்டா என்று கேட்கிறார்.

பாறைவாசி எழுதியது:

மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், கேள்வி வலுவானது. நடுச் சுமத்திராவில் உள்ள மினாஸ் தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களுள் ஒன்று. கால்டெக்ஸ் நிறுவனம் குறித்து வைத்திருந்த இடத்தில், போர்க்காலத்தில் அதன் கருவிகளைக் கொண்டே ஜப்பானிய இராணுவம் கிணறு தோண்டி 1944இல் எண்ணெயைக் கண்டது. அங்கும் தாய்ப்பாறை பழைய ஏரிக் களிப்பாறைதான். ஆனால் அந்தப் படுகையின் ஆழமான பள்ளங்கள் சுமத்திராத் தரைக்கு அடியில் இருக்கின்றன. நம் கரையை நோக்கி வர வர அடிப்பாறை மேலேறி, படிவு மெலிந்துவிடுகிறது. நம் பக்க நீரிணையிலும் சிறு பள்ளங்கள் உண்டு, கிணறுகளும் தோண்டிப் பார்த்தார்கள். வணிக அளவில் எதுவும் தேறவில்லை. நீர் ஒன்றுதான், ஐயா. கீழே கிடக்கும் பாறை ஒன்றன்று.

சேற்று ஆய்வாளர், கெர்த்தே எழுதியது:

நான் பிறந்தது லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில். வேலை பார்த்தது முழுக்கக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில். பாறைவாசி சொன்ன அடுக்குகளை நேரில் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன்.

கிணறு தோண்டும்போது துரப்பணக் குழாயின் உள்வழியே சேற்றைக் கீழே செலுத்துவோம். வீட்டு வாசல் சேறு அன்று. எடை கூட்டுவதற்காகப் பாரைட்டு என்னும் கனிமத் தூள் கலந்து பதம் பார்த்துத் தயாரித்தது. அது முனையைக் குளிர்வித்து, நொறுங்கிய பாறைத் துகள்களைச் சுமந்துகொண்டு குழாய்க்கு வெளிப்புறமாக மேலேறி வரும். மேலே அதிர்ந்துகொண்டே இருக்கும் சல்லடை துகளைப் பிரிக்கும். அந்தச் சல்லடையின் ஓரத்தில் நின்று ஒரு கை அள்ளி, கழுவி, தட்டில் பரப்பி நுண்ணோக்கியின் கீழ் வைப்பதுதான் என் வேலை. சாம்பல் நிறச் செதில் வந்தால் களிப்பாறை. கறுத்துப் பளபளத்தால் நிலக்கரி. சர்க்கரைபோல் தனித்தனி மணியாக வந்தால் மணற்பாறை. மணல் வந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா விளக்கைப் போடுவோம். எண்ணெய் ஒட்டியிருந்தால் மணிகள் மஞ்சளாகவோ நீலம் கலந்த வெண்மையாகவோ ஒளிரும். கரைப்பான் ஒரு சொட்டு விட்டால், மணியைச் சுற்றிப் பால் வழிவதுபோல் ஒளி படரும். ஆழமான கிணற்றில் துகள் மேலே வந்து சேரவே நெடுநேரம் ஆகும் என்பதால், இப்போது பார்ப்பது எந்த ஆழத்துப் பாறை என்று கணக்கிட்டு எழுத வேண்டும். அந்தக் கணக்குத் தவறினால் மற்ற எல்லாம் தவறும்.

எடை கூட்டுவது ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள். மலாய்ப் படுகையின் ஆழத்தில் பல அடுக்குகள், தமக்குள் இருக்கும் நீரை வெளியேற்ற முடியாமல் மிகை அழுத்தத்தில் இருக்கின்றன. சேற்றின் எடை அந்த அழுத்தத்துக்கு ஈடு கொடுக்காவிட்டால் வாயு கிணற்றுக்குள் புகுந்து மேலே பாயும். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ கிணற்றில் 11 பேர் இறந்தது அப்படிப் பாய்ந்த வாயுவால்தான். 1988 சூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடையில் 167 பேர் இறந்தது வேறு வகை: பழுது பார்ப்பதற்காகப் பாதுகாப்பு வால்வைக் கழற்றி வைத்திருந்த எக்கியை, அது தெரியாமல் இரவுப் பணியில் இயக்கியதால் வாயு கசிந்து வெடித்தது. ஒரு பணிமுறையினர் அடுத்த பணிமுறையினரிடம் வேலையை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்பதை இன்றும் மேடைகளில் அந்த விபத்தை வைத்தே கற்றுக்கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. மேடையை நிறுத்துவதற்கு முன் கடலடியின் மேல் அடுக்குகளை அதிர்வலை கொண்டு ஆராய்வோம். அந்தப் படங்களில் வளைந்து நெளிந்து ஓடும் ஆறுகள் தெளிவாகத் தெரியும். பனியுகத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது அந்தப் பகுதி முழுவதும் தரை; தீபகற்பத்திலிருந்து போர்னியோவுக்குக் கால்நடையாகவே போயிருக்கலாம். பாறைவாசி சொல்வதுபோல் கடல் நேற்று வந்தது. அந்தப் பழைய ஆற்றுப் படுகைகளில் மேடையின் கால் திடீரென்று அமிழலாம், ஆழமற்ற மட்டத்திலேயே வாயுவும் சிக்கியிருக்கலாம். ஆகவே அவற்றை விலக்கியே இடம் குறிப்போம்.

வழக்கறிஞர், கிள்ளான் எழுதியது:

பாறையைப் பேசினோம், அது யாருடைய பாறை என்பதையும் சுருக்கமாகச் சேர்க்கிறேன்.

நம் நாட்டு எண்ணெய் வரலாறு தரையில்தான் தொடங்கியது. சரவாக்கின் மிரியில், கனடா குன்றின் மீது ஷெல் குழுமம் தோண்டிய முதல் கிணற்றில் 1910 டிசம்பரில் எண்ணெய் கண்டார்கள். கசிவுகளை ஊர்மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். அந்த வயல் 1929இல் உச்சத்தை எட்டி, பின் சரிந்து, 1972இல் மூடப்பட்டது. அதே ஆண்டு, 1929இல், அருகே புருணையின் செரியாவில் இன்னும் பெரிய வயல் கிடைத்தது. இவற்றின் தொடர்ச்சி கடலுக்குள் போகிறது என்று ஊகித்து 1950களில் நீருக்குள் இறங்கினார்கள். 1963இல் பாராம் வயல் கிடைத்தது. 1968இல் மேற்கு லுத்தோங்கிலிருந்து சரவாக்கின் முதல் கடல் எண்ணெய் வந்தது. திரெங்கானுக் கடலில் 1968இல் எஸ்ஸோவும் கொனோகோவும் உரிமை பெற்றன. அடுத்த ஆண்டே டாப்பிஸ் கண்டுபிடிக்கப்பட்டது. உற்பத்தி தொடங்கியது 1978இல்.

அதற்கு முன்பே சட்டம் கடலுக்குள் இறங்கிவிட்டது. கரையை ஒட்டிய கண்டத்திட்டின், அதாவது கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் ஆழமற்ற தரையின், வளம் தமக்கே உரியது என்று 1945இல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் அறிவித்தார். 1958இல் ஜெனீவா உடன்படிக்கை அதைப் பன்னாட்டு விதியாக்கியது. 1966இல் மலேசியா தன் கண்டத்திட்டுச் சட்டத்தை இயற்றியது. 1974இல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் வந்தது, தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் பிறந்தது. 1976 முதல் பழைய உரிமங்களுக்குப் பதிலாக உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தங்கள் வந்தன. மாநிலத்துக்கு 5 விழுக்காடு உரிமைத்தொகை. இந்த 5 விழுக்காடு கரைக்கு எவ்வளவு தூரம் வரை செல்லும் என்பதில் மூண்ட தகராறு இன்னும் ஓயவில்லை; 2000ஆம் ஆண்டு திரெங்கானுவுக்குக் கொடுப்பது நிறுத்தப்பட்டபோது அது நீதிமன்றம் வரை சென்றது. கடலடி எல்லை மங்கலாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டும் நம் பக்கத்தில் உண்டு: தாய்லாந்தோடு எல்லையை வரைவதற்குப் பதிலாக 1979இல் கூட்டு மேம்பாட்டுப் பகுதி என்று ஒப்புக்கொண்டார்கள். கோடு போட்டுச் சண்டையிடுவதைவிட வாயுவைப் பங்கிட்டுக்கொள்வது அறிவுடைமை என்பேன்.

லயத்து அக்கா எழுதியது:

எல்லாம் படித்தேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். குழாய் எங்கள் வீட்டுப் பின்புறம் போகிறது. நானோ கேஸ் தோம்பு தீர்ந்தால் கடைக்குத் தொலைபேசி செய்து காத்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு சிறு குழாய் இழுத்துக் கொடுத்தால் என்ன?

சேற்று ஆய்வாளர், கெர்த்தே எழுதியது:

அக்கா, குழாயில் போவதும் உங்கள் தோம்பில் இருப்பதும் ஒரே வாயு அன்று. கடலிலிருந்து வரும் வாயுவைக் கெர்த்தேயில் குளிர்வித்துப் பிரிப்பார்கள். மீத்தேன் தனியாகக் குழாயில் ஏறி மின் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் போகும். ஈத்தேன் நெகிழிக்கான மூலப்பொருளாகும். புரோப்பேனும் பியூட்டேனும் சற்று அழுத்தினாலே நீர்மமாகிவிடும் என்பதால் அவற்றைத் தோம்பில் அடைத்து விற்கிறார்கள். மீத்தேனை நீர்மமாக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ கழித்தல் 162 பாகைக்குக் குளிர்விக்க வேண்டும். சரவாக்கின் பிந்துலுவில் 1983 முதல் அப்படிச் செய்துதான் ஜப்பானுக்குக் கப்பலேற்றுகிறார்கள். பெரிய குழாயின் அழுத்தம் மிக அதிகம். அதை வீட்டு அடுப்புக்கு ஏற்பக் குறைக்க நிலையமும், தெருவெங்கும் சிறு குழாய்களும் வேண்டும். சில நகரங்களில் இருக்கிறது; இருபது வீட்டு லயத்துக்கு எவரும் போடமாட்டார்கள். அடுப்பின் துளை அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சிகாமட் ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மாணவர்கள் அடுத்துக் கேட்கப்போவது எனக்கு இப்போதே தெரியும்: இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

பாறைவாசி எழுதியது:

ஆண்டுக் கணக்கில் விடை சொல்பவர்களை நம்பாதீர்கள், ஐயா. மிச்சம் என்பது விலையையும் தொழில்நுட்பத்தையும் பொறுத்து மாறும். திரெங்கானுக் கடலின் பெரிய, எளிய மேல்மடிப்புகள் பெரும்பாலும் தோண்டப்பட்டுவிட்டன. டாப்பிஸில் 2014 முதல் நீரையும் வாயுவையும் மாற்றி மாற்றிச் செலுத்தி, பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயை வெளியே தள்ளுகிறார்கள். சபாவில் கிக்கே வயல் 2002இல் கிடைத்தது. அங்கே நீரே 1,300 மீட்டருக்கும் மேல் ஆழம். 2007இல் உற்பத்தி தொடங்கியது.

வாயு இன்னும் நிறைய இருக்கிறது. சரவாக்கின் நடு லுக்கோனியாவில் மயோசீன் காலத்துப் பவளத் திட்டுகள் புதைந்து, அவற்றின் துளைகளில் வாயு தேங்கியிருக்கிறது. பிந்துலுவுக்குப் போவது அங்கிருந்துதான். அவை மட்டும் உண்மையாகவே கடலில் வளர்ந்தவை, இதை மாமனாருக்குச் சொல்லுங்கள், மகிழ்வார். தொல்லை என்னவென்றால், சரவாக்கிலும் மலாய்ப் படுகையின் வடபகுதியிலும் சில வயல்களில் வரும் வாயுவில் பாதிக்கு மேல் கரியமில வாயு. அதைப் பிரித்துக் காற்றில் விட்டால் சூழலுக்குக் கேடு. மீண்டும் பாறைக்குள் செலுத்தினால் பெருஞ்செலவு. தீர்ந்துபோன பழைய வயல்களையே அதற்குக் களஞ்சியமாக்கத் திட்டமிடுகிறார்கள். ஆகவே மாணவர்கள் கேட்டால், எவ்வளவு மிச்சம் என்பதைவிட, மிச்சத்தில் எவ்வளவு எரியும், எவ்வளவு எரியாது என்று கேட்கச் சொல்லுங்கள். அதற்குக் கணக்கும் வேதியியலும் தெரிந்தால் விடை காணலாம்.